எல்ஜின் பிரபுவும் அதென்ஸ் நகரத்துச் சிலைகளும்

ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையோரத்தில், பைஃப் எனப்படும் பகுதியிலே, புறூம்ஹோல் என்றொரு மாளிகை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் அம்மாளிகையைப் புதுக்கிக் கட்டிக்கொண்டிருந்த இளம்பிரபு ஒருவர், கிரேக்கப் பாணியில் அதனை அணிசெய்ய விரும்பினார். கட்டடக் கலைஞராகிய தோமஸ் ஹரிசன் அவருக்கு ஓர் ஆலோசனை கூறினார். கிரேக்கக் கலையைப் புத்தகங்களிலுள்ள படங்களைக்கொண்டு கற்பது போதாது. அதென்ஸ் நகரத்துத் தூண்களையும் சிற்பங்களையும் சாந்து வார்ப்புகளாக எடுத்து வந்தால், பிரித்தானியக் கலைஞர் அனைவருக்கும் அவை பயன்படும் என்பதே அவ்வாலோசனை. சாந்து வார்ப்புகளையே அவர் வேண்டினார். மூலச் சிலைகளைக் கழற்றி வரவேண்டும் என்ற எண்ணம் அன்று ஹரிசனுக்கும் இருக்கவில்லை. பிரபுவுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்பிரபுவின் பெயர் தோமஸ் புறூஸ். ஏழாவது எல்ஜின் பிரபு. உலக வரலாற்றில் எத்தனையோ மன்னரும் படைத்தலைவரும் பிறர் நாட்டுச் செல்வங்களை வாரிச் சென்றிருக்கின்றனர். அவருட் பலரின் பெயரை இன்று எவரும் நினைப்பதில்லை. இவரது பெயரோ, தாம் எடுத்துச் சென்ற கற்களோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்து, இரு நாடுகளுக்கிடையிலான வழக்கொன்றின் தலைப்பாகவே நிலைத்துவிட்டது. இவரைத் திருடர் என்போரும் உளர். காவலர் என்போரும் உளர். இவர் வாழ்க்கையைச் சிறிது நின்று நோக்கினால், இவ்விரு சொற்களுள் எதுவும் இவருக்கு முழுவதும் பொருந்தாமை புலனாகும்.

1766ஆம் ஆண்டு யூலை மாதத்திற் பிறந்த எல்ஜின், ஐந்து வயதிலேயே தந்தையையும் தமையனையும் ஒருசேர இழந்து பிரபுப் பட்டத்துக்கு உரியவரானார். பட்டம் பெரிது, வருவாய் சிறிது. ஹரோ, வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிகளிலும் சென்ட் அன்றூஸ் பல்கலைக்கழகத்திலும் பாரிஸிலும் கற்று, படையிற் சேர்ந்து, பின்னர் அரசதந்திரத் துறைக்கு வந்தார். பிரசெல்ஸ் நகரிலும் பிரஷ்ய நாட்டிலும் பணியாற்றியபின், 1799இல் துருக்கிப் பேரரசின் தலைநகராகிய கொன்ஸ்தாந்திநோபிளுக்குப் பிரித்தானியத் தூதராக நியமனம் பெற்றார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில், செல்வக் குடும்பமொன்றின் ஒரே மகளான மேரி நிஸ்பெட் என்னும் இருபது வயது நங்கையை மணந்தார். அந்நாளில் கிரேக்க நாடு துருக்கிச் சுல்தானின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. ஆகவே, ஹரிசனின் ஆலோசனையை நிறைவேற்ற இதனினும் நல்ல வாய்ப்பு வேறில்லை என எல்ஜின் கருதியதில் வியப்பில்லை.

ஓவியர், வார்ப்பாளர் முதலியோரின் செலவை அரசாங்கம் ஏற்கவேண்டுமென அவர் விண்ணப்பித்தார். அரசாங்கம் மறுத்தது. பின்னாளிற் பெரும் புகழ் எய்திய ஓவியர் ரேணரைத் தம்முடன் அழைத்துச் செல்லவும் முயன்றார். அவர் கேட்ட சம்பளம் எல்ஜினுக்கு மிகையாகத் தோன்றியது. வரையும் படம் ஒவ்வொன்றும் தமக்கே உரியதாகவேண்டும் என எல்ஜின் விதித்த நிபந்தனையோ ரேணருக்கு ஒவ்வாததாயிற்று. வழியிற் சிசிலித் தீவில் தங்கியபோது, நேப்பிள்ஸ் அரசவையின் ஓவியராகிய லூசியேரி என்னும் இத்தாலியர் ஆண்டுக்கு இருநூறு பவுண் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டார். பின்னர் உரோமாபுரியிலிருந்து கட்டடக் கலைஞர் இருவரும், வார்ப்பாளர் இருவரும், உருவங்களை வரைவதில் வல்ல கல்மூக்கிய இனத்தவர் ஒருவரும் சேர்க்கப்பட்டனர். இவர்கள் 1800ஆம் ஆண்டில் அதென்ஸை அடைந்தனர். அனைவருக்கும் எல்ஜின் தம் சொந்தப் பணத்திலிருந்தே சம்பளம் கொடுத்தார் என்பதை நாம் மறத்தலாகாது. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இச்செலவும் ஒரு காரணம். கடன்பட்டுப் பணத்தைக் கொட்டியவர், அதற்கேற்ற பெரும்பொருளைக் கையிற் காணாமல் ஓய்வதில்லை.

அதென்ஸ் அந்நாளிற் சிறியதோர் ஊர். அதன் நடுவே எழுந்து நிற்கும் அக்ரொபொலிஸ் என்னும் பாறைக்குன்று துருக்கிப் படையின் கோட்டையாய் இருந்தது. குன்றின் உச்சியில், கி. மு. 447 முதல் 432 வரை, பெரிக்கிளிஸ் காலத்தில், பீடியாஸ் என்னும் சிற்பியின் மேற்பார்வையிற் கட்டப்பட்ட பார்த்தெனொன் என்னும் அதீனா தேவியின் கோயில் நின்றது. அது பல நூற்றாண்டு தேவாலயமாகவும், பின்னர்ப் பள்ளிவாசலாகவும் விளங்கி, 1687 வரை பெரும்பாலும் சிதையாமலே இருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் வெனிஸ் நகரப் படை குன்றை முற்றுகையிட்டபோது, துருக்கியர் கோயிலுள்ளே வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தனர். குண்டொன்று அதன்மேல் விழுந்தது. நடுப்பகுதி முழுவதும் வெடித்துச் சிதறியது. எல்ஜினின் ஆட்கள் கண்டது அவ்வாறு பிளவுண்ட கோயிலையே. விழுந்த சலவைக்கற்களைச் சுண்ணாம்புக்காகச் சுட்டும், வீட்டுச் சுவர்களில் வைத்துக் கட்டியும், கோட்டையில் வாழ்ந்தோர் பயன்படுத்திவந்தனர். வழிப்போக்கரான ஐரோப்பியரும் கைக்கெட்டிய தலைகளையும் கைகளையும் உடைத்துச் சென்றனர். பிரெஞ்சுத் தூதராயிருந்த சுவாசேல் கூஃபியே என்பவரின் முகவர் முன்னரே சில சிற்பங்களைப் பெற்று அனுப்பியிருந்தார். அவை இன்று பாரிஸிலுள்ளன. தாம் எடாதிருந்தால் அவை அழிந்திருக்கும், அன்றிப் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிருக்கும் என எல்ஜின் பின்னாளில் வாதிட்டதற்கு ஆதாரமாயிருந்த நிலைமை இதுவே. அவ்வாதம் முற்றும் பொய்யன்று.

ஆயினும் அவர் எடுத்தவற்றுள் தரையிற் கிடந்தவை மட்டுமோ இருந்தன?

இவ்விடத்தில் நாம் ஒரு கடிதத்தைப்பற்றிப் பேசவேண்டும். தொடக்கத்திற் கோட்டைத் தலைவர், ஓவியரை உள்ளே விடுவதற்கே நாள்தோறும் பணம் வாங்கினார். சாரம் கட்டவும் வார்ப்பு எடுக்கவும் இடங்கொடுக்கவில்லை. 1801ஆம் ஆண்டில் எகிப்திலிருந்து பிரெஞ்சுப் படையைத் துரத்துவதிற் பிரித்தானியர் துருக்கிக்குப் பெருந்துணை புரிந்தனர். அரண்மனையிற் பிரித்தானியத் தூதரின் செல்வாக்கு ஒரே நாளில் உச்சத்தை அடைந்தது. அத்தறுவாயிலே, தூதரகத்துக் குருவாகிய பிலிப் ஹண்ட் என்பவரின் தூண்டுதலால், முதலமைச்சரின் பதிலாளரிடமிருந்து அதென்ஸ் அதிகாரிகளுக்கு ஓர் ஆணைக் கடிதம் பெறப்பட்டது. அதன் துருக்கி மூலம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஹண்ட் வைத்திருந்த இத்தாலிய மொழிபெயர்ப்பே எஞ்சியுள்ளது. ஓவியர் தடையின்றி உட்சென்று வரையவும், சாரமிட்டு வார்ப்பு எடுக்கவும், அடித்தளங்களைத் தோண்டிப் பார்க்கவும் அக்கடிதம் இடமளிக்கிறது. எழுத்தோ உருவமோ பொறித்த சில கற்துண்டுகளை அவர்கள் எடுத்துச் சென்றால் தடுக்கவேண்டா எனவும் அது கூறுகிறது. கோயிலின் சுவரிலும் முகப்பிலும் பொருந்தி நின்ற சிற்பங்களைப் பெயர்த்தெடுக்கலாம் என்று அதில் எங்கும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கு முழுவதும், சில கற்துண்டுகள் என்ற அந்தச் சிறு தொடரின்மேலேயே நிற்கிறது எனலாம்.

ஹண்ட் அக்கடிதத்துடன் அதென்ஸை அடைந்ததும், நகரத் தலைவருக்கு விலையுயர்ந்த பரிசில்களைக் கொடுத்தார். ஓரளவு அச்சுறுத்தியும் பேசினார். சுவரிலுள்ள சிற்பமொன்றை இறக்க இசைவு கிடைத்தது. 1801 யூலை 31ஆம் நாள், ஒரு கப்பற் தச்சனும் மாலுமியரும் கயிறும் உருளையும் கொண்டு முதலாவது சதுரச் சிற்பத்தைக் கீழே இறக்கினர். மறுநாள் இன்னொன்று இறங்கியது. அதன்பின் கைகள் ஓயவில்லை.

கோயிலின் அமைப்பைச் சிறிது விளக்கினாலன்றி நிகழ்ந்தது என்னவென்று புலப்படாது. தூண்களுக்கு மேலே, கோயிலைச் சுற்றி 92 சதுரப் பலகைகள் இருந்தன. அவற்றிலே தேவரும் வீரரும் பொருதும் காட்சிகள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருந்தன. உட்சுவரின் மேல்விளிம்பிலே, நகரமாந்தர் தேவிக்கு ஆடை சாத்தச் செல்லும் ஊர்வலம், 160 மீற்றர் நீளத்துக்கு ஒரே வரியாய் ஓடியது. இரு முகப்புகளின் முக்கோணங்களிலும் பேருருவச் சிலைகள் நின்றன. சதுரப் பலகைகள் தூண்மேற் கற்களின் பள்ளங்களிற் செருகப்பட்டவை. மேலேயுள்ள இறவாரக் கல்லை அகற்றினாலன்றி அவற்றை உருவமுடியாது. அக்கல் அகற்றப்பட்டுக் கீழே தள்ளப்பட்டது. ஊர்வலச் சிற்பமோ சுவரின் கட்டடக் கல்லிலேயே செதுக்கப்பட்டது. அதன் பாரம் தாங்கவொண்ணாததாய் இருந்தமையால், கல்லின் பின்புறத்தை வாளால் அறுத்து முகத்தை மட்டும் எடுத்தனர். ஆங்கிலப் பயணியான கிளார்க், ஒரு பலகை இறங்கும்போது அருகிலிருந்த கட்டடப்பகுதி நொறுங்கி விழுந்ததையும், கோட்டைத் தலைவர் அதைக் கண்டு கண்ணீர் உகுத்ததையும் தம் நூலில் எழுதிவைத்துள்ளார். அந்தத் தலைவர் பணம் வாங்கியவர்தாம், ஆயினும் அழுதார். லூசியேரியும் எல்ஜினுக்கு எழுதிய கடிதமொன்றில், தாம் சற்றே முரட்டுத்தனமாய் நடக்க நேர்ந்தது என ஒப்புக்கொண்டிருக்கிறார். அருகிலுள்ள எரெக்தியம் என்னும் கோயிலிலே கூரையைத் தலையிற் சுமந்து நின்ற ஆறு நங்கையருள் ஒருத்தியும் பெயர்த்தெடுக்கப்பட்டாள். அந்த மண்டபம் முழுவதையுமே எடுத்துச் செல்லப் போர்க்கப்பல் ஒன்று கிடைக்குமா எனவும் எல்ஜின் விசாரித்தார். நல்லவேளை, கப்பல் கிடைக்கவில்லை.

இவையெல்லாம் நடக்கும்போது எல்ஜின் பெரும்பாலும் கொன்ஸ்தாந்திநோபிளிலேயே இருந்தார். அவர் அதென்ஸை முதன்முதலாகக் கண்டது 1802இலேதான். தாம் கண்ணாற் காணாத கோயிலைக் கடிதமூலமாகவே பிரித்தார் என்பது, இவ்வரலாற்றில் என் நெஞ்சை மிகவும் உறுத்தும் செய்தி. அதிகாரிகளின் செயலை ஏற்றுக்கொள்ளும் கடிதங்களைப் பின்னர்த் தலைநகரிலிருந்து பெற்று அவர்களுக்குக் கொடுத்தார் என்பர். அவையும் இன்று காணக்கிடைக்கவில்லை.

பெட்டிகளைக் கப்பலேற்றுவதிற் பெரும்பங்கு வகித்தவர் மேரி. தூதர் தம் பணிகளில் மூழ்கியிருந்த காலத்தில், துறைமுகத்துக்கு வந்த போர்க்கப்பற் தலைவர்களிடம் நயந்து பேசி, மறுத்தவரையும் இசையச் செய்து, பெட்டி பெட்டியாக ஏற்றுவித்தவர் அவ்விளம் பெண்ணே. தம் வெற்றியைக் கணவருக்குப் பெருமையோடு எழுதினார். அரசரின் கப்பல்கள் ஒரு தனிமனிதரின் பொருளைச் சுமப்பது முறையா என்ற வினா அப்பொழுது எவருக்கும் எழவில்லை. எல்ஜினுக்குச் சொந்தமான மென்ரோர் என்னும் சிறு கப்பலும் இருந்தது. அது 1802 செப்டெம்பரில், ஊர்வலச் சிற்பத்தின் பல பலகைகளைச் சுமந்துகொண்டு சென்றபோது, கிதீரா தீவின் பாறையில் மோதி மூழ்கியது. மாலுமியர் தப்பினர், சிற்பங்கள் கடலடியைச் சேர்ந்தன. கடற்பஞ்சு எடுப்பதில் வல்ல கிரேக்கத் தீவினரான முக்குளிப்போரைக் கொண்டு, இரண்டு ஆண்டுக் காலம் முயன்று, ஒவ்வொன்றாக அவற்றை மீட்டனர். பொருட்செலவுக்கு அளவில்லை.

1803ஆம் ஆண்டு தொடக்கத்தில் எல்ஜின் பதவி துறந்து தாயகம் திரும்பினார். வழியில், உரோமாபுரியிலே, அக்காலச் சிற்பியருட் தலைசிறந்தவராகிய கனோவாவைக் கண்டு, சிதைந்த சிலைகளின் மூக்கையும் கையையும் புதிதாகச் செய்து பொருத்தித் தரும்படி வேண்டினார். பீடியாஸின் கைபட்ட கல்லைத் தாம் தொடுவது பெரும் பாவமாகும் எனக் கனோவா மறுத்துவிட்டார். கலை வரலாற்றில் இது மறக்கவொண்ணாத மறுப்பு. எல்ஜின் அதனை ஏற்றுக்கொண்டார் என்பதையும் அவர் பக்கத்திற் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அதன்பின் அவருடைய வாழ்வில் நல்லகாலம் என்பது அரிதாயிற்று. பிரெஞ்சு நாட்டின் வழியே அவர் செல்லும்போது மீண்டும் போர் மூண்டது. நெப்போலியனின் ஆணைப்படி, அங்கிருந்த பிரித்தானியர் அனைவரும் தடுத்துவைக்கப்பட்டனர். எல்ஜின் சிறிது காலம் லூர்து நகரத்துக் கோட்டையிற் சிறையும் இருந்தார். 1805இல் அவருடைய கைக்குழந்தை ஒன்று பாரிஸில் இறந்தது. அக்குழந்தையை அடக்கஞ்செய்ய மேரி தாயகம் சென்றார். அங்கே, தமக்கு உதவியாயிருந்த அயல்வீட்டுக் கனவான் ஒருவருடன் அவருள்ளம் சென்றது. எல்ஜின் 1806இல் விடுதலை பெற்றுத் திரும்பியபோது, மனைவி அவருடையவராய் இல்லை. நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் வழக்காடி 1808இல் மணவிலக்குப் பெற்றார். பிள்ளைகள் தந்தையிடமே தங்கினர். கொன்ஸ்தாந்திநோபிளிற் பற்றிய நோயொன்று அவருடைய மூக்கை அரித்து முகத்தையும் சிதைத்திருந்தது. மூக்கிழந்த சிலைகளைக் கொணர்ந்தவர் தாமும் மூக்கிழந்தார் என அக்காலத்துப் பகடிக்காரர் எள்ளினர். நாகரிகமற்ற எள்ளல், ஆனால் இலண்டன் நகரம் அதனை நெடுங்காலம் சுவைத்தது. விடுதலைக்கு ஈடாகப் பிரெஞ்சு அரசுக்குக் கொடுத்த வாக்குறுதி, அவர் மீண்டும் அரசபணி ஏற்பதையும் தடுத்தது. எஞ்சியவை கடனும் கற்களுமே.

இலண்டனில் ஒரு வீட்டின் பின்புறத்துக் கொட்டகையிலே சிலைகளை வைத்து, 1807இல் அன்பர்களுக்குத் திறந்துவிட்டார். அதுவரை கிரேக்கக் கலை எனின், உரோமர் செய்த வழுவழுப்பான படிகளையே கண்டு பழகிய கலைஞர், அக்கொட்டகையில் நுழைந்து மெய்ம்மறந்து நின்றனர். ஹேடன் என்னும் இளம் ஓவியர், இரவில் விளக்கொளியிலும் அங்கேயே இருந்து வரைந்தார். பெயர்பெற்ற குத்துச்சண்டை வீரர் ஒருவரை ஆடையின்றிச் சிலைகளின் அருகே நிறுத்தி, தசைகளை ஒப்பிட்டுப் பார்த்ததும் உண்டு. குதிரையின் நரம்பும், அமர்ந்த தேவியரின் மடிமேல் விழும் ஆடைமடிப்பும் கல்லிலே உயிர்பெற்றதை ஐரோப்பா முதன்முதலிற் கண்டது அவ்விடத்திலேதான். ஆயினும், கலைநிபுணர் எனப் பெயர்பெற்ற பெய்ன் நைட் என்பவர், அவை கிரேக்கருடையனவே அல்ல, ஹட்ரியன் என்னும் உரோமப் பேரரசனின் காலத்தவை என்று முதலில் முடிவுகட்டினார். புலமைச்செருக்கு இழைக்கும் பிழைகளுக்கு இதனை ஓர் எடுத்துக்காட்டாக நம் மாணவருக்குச் சொல்லலாம். அத்தீர்ப்பு சிலைகளின் மதிப்பையும் எல்ஜினின் பேரத்தையும் பல்லாண்டு தாழ்த்தியது.

அடுத்து வந்த அடி ஒரு கவிஞருடையது. 1811ஆம் ஆண்டு வசந்தகாலத்தில், எல்ஜினின் கடைசிப் பெரிய பெட்டித்தொகுதியைச் சுமந்து கிரேக்கக் கரையைவிட்டு மால்டா நோக்கிச் சென்ற ஹைட்ரா என்னும் கப்பலில், லூசியேரியோடு இளங்கவிஞர் பைரனும் பயணஞ்செய்தார். அவர் அடுத்த ஆண்டு வெளியிட்ட சைல்ட் ஹெரால்டின் யாத்திரை என்ற காவியத்திலே, எல்ஜினைக் கோயிற் கொள்ளையர் எனப் பழித்துப் பாடினார். அக்காவியம் சில நாட்களுள் இலண்டன் முழுவதும் பரவியது. தாயின் வழியிற் பைரனும் ஸ்கொத்லாந்துக் குருதியுடையவர். தம் இனத்தவன் ஒருவன் இழிசெயல் செய்தான் என்ற வெட்கமும் அவருடைய சினத்திற் கலந்திருந்தது. எல்ஜினின் பெயரை உலகம் அறிந்தது பெரும்பாலும் அவருடைய பகைவரின் பாட்டினாலேயே.

கடன் கழுத்தை நெரிக்கவே, சிலைகளை அரசாங்கத்துக்கு விற்க எல்ஜின் முன்வந்தார். 1811இல் முப்பதாயிரம் பவுண் தரப்பட்டபோது போதாதென மறுத்துவிட்டார். அதே ஆண்டில், கொன்ஸ்தாந்திநோபிளில் தூதராயிருந்து திரும்பிய அடெயர் என்பவர், அச்சிற்பங்களில் எல்ஜினுக்கு எவ்வித உரிமையும் இல்லையெனத் துருக்கி அரசு தம்மிடம் மறுத்துரைத்ததாக அவருக்கு எழுதினார். அதே துருக்கி அரசுதான், எஞ்சிய பெட்டிகளைக் கப்பலேற்ற அதற்குச் சற்று முன்னர் இசைவும் அளித்திருந்தது. எல்ஜினைக் குற்றஞ்சாட்டுவோர் முன்னதையும், அவருக்காக வாதிடுவோர் பின்னதையும் மட்டும் எடுத்துக்காட்டுவதே வழக்கம்.

1816ஆம் ஆண்டிற் பாராளுமன்றக் குழுவொன்று இதனை விசாரித்தது. வட்டியுட்பட எழுபத்துநாலாயிரம் பவுணுக்கு மேல் தாம் செலவிட்டதாக எல்ஜின் கணக்குக் காட்டினார். தூதர் என்ற தகுதியினால் கிடைத்த சலுகையோ, தனிமனிதர் பெற்ற சலுகையோ என்று குழுவினர் வினவினர். தூதராக இல்லாத எவருக்கும் இது கிட்டியிராது என்ற கருத்தும் அங்கே வைக்கப்பட்டது. முடிவில் முப்பத்தையாயிரம் பவுண் போதுமெனக் குழு விதந்துரைத்தது. போருக்குப் பின்னர் வந்த பஞ்சகாலம் அது. குடும்பம் பசித்திருக்கக் கல் வாங்குகிறான் தந்தை என்ற கருத்தமைந்த கேலிச்சித்திரம் ஒன்று அந்நாளில் வெளிவந்தது. யூன் 7ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில், 82 பேர் வாங்கவேண்டும் எனவும் 30 பேர் வேண்டா எனவும் கூறினர்.

அந்த விவாதத்திலே ஹமர்ஸ்லி என்னும் உறுப்பினர் ஒரு திருத்தம் கொணர்ந்தார். தூதர் தம் பதவியைக்கொண்டு பெற்ற பொருள் இது. ஆகவே இருபத்தையாயிரம் பவுண் மட்டும் கொடுத்து, பிரித்தானியா இவற்றை ஒரு நம்பிக்கைப் பொருளாக வைத்திருக்கட்டும். அதென்ஸை ஆள்வோர் என்றேனும் கேட்டால், தடையோ பேரமோ இன்றித் திருப்பிக் கொடுக்கட்டும் என்பதே அவர் கருத்து. அது தோற்றது. ஆனால், சிலைகளைத் திருப்பிக் கொடுத்தல் என்பது நம் காலத்தவர் கண்டுபிடித்த புதுமை எனவும், பழங்காலத்துச் செயலை இக்காலத்து அளவுகோலால் அளப்பது முறையன்று எனவும் கூறுவோர் அத்திருத்தத்தை நினைவுகூர்தல் நன்று. அக்காலத்து அளவுகோலைக் கையில் வைத்திருந்தவருள்ளேயே சிலருக்கு இச்செயல் வளைவாகத் தெரிந்தது. அதுவும் கிரேக்க நாடு விடுதலை பெறுவதற்கு முன்னரே.

கிடைத்த பணத்தின் பெரும்பகுதி கடன்காரருக்கே போயிற்று. பிரித்தானிய நூதனசாலையின் பொறுப்பாளருள் ஒருவராகும் உரிமை எல்ஜினுக்கும் அவர் வழியினருக்கும் சட்டப்படி வழங்கப்பட்டது. அவர் நெடுநாள் ஏங்கிய பிரித்தானியப் பிரபுப் பட்டம் வழங்கப்படவில்லை. இரண்டாவதாக மணந்த எலிசபெத் ஒஸ்வால்டிடம் பல பிள்ளைகளைப் பெற்று, ஸ்கொத்லாந்திற் சிலகாலம் வாழ்ந்தார். இறுதியிற் கடன்காரருக்கு அஞ்சிப் பிரெஞ்சு நாட்டுக்குச் சென்று, 1841 நவம்பரிற் பாரிஸில் உயிர்நீத்தார். ஓவியர் லூசியேரி அவருக்கும் முன்னரே, 1821இல், கிரேக்க விடுதலைப் போர் மூளும் தறுவாயில் அதென்ஸிலேயே இறந்திருந்தார். அதென்ஸ் நகரமக்களுக்கு எல்ஜின் கைம்மாறாக அளித்த பொருளும் ஒன்றுண்டு. அஃது ஒரு மணிக்கூடு. அதற்கெனக் கோபுரமொன்று கடைத்தெருவிற் கட்டப்பட்டது. 1884இல் மூண்ட தீயில் அதுவும் எரிந்தது.

எல்ஜினின் குடும்பத்துக்கும் நம் நாட்டுக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. அதை இவ்விடத்திற் கூறிவிடலாம். அவருடைய மகன் ஜேம்ஸ், எட்டாவது எல்ஜின் பிரபு, 1860 மே மாதத்திற் சீனத்துக்குத் தூது செல்லும் வழியிற் காலித் துறைமுகத்தை அடைந்தார். அங்கே அவர் ஏறியிருந்த மலபார் என்னும் கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. தந்தையின் சிலைகளைப்போல் மகனின் பத்திரங்களும் பெட்டிகளும் கடலுள் ஆழ்ந்தன, அவர் உயிர்தப்பினார். அதே ஆண்டு ஒக்ரோபரில், பேகிங் நகருக்கு வெளியேயிருந்த சீனப் பேரரசரின் கோடைமாளிகையைக் கொளுத்தும்படி ஆணையிட்டவர் இவரே. அதற்கு முன்பே அங்கிருந்த கலைப்பொருள்கள் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகளாற் சூறையாடப்பட்டிருந்தன. அவற்றைத் திரும்பப் பெறும் முயற்சியிற் சீனரும் இன்றுவரை ஈடுபட்டுள்ளனர். பின்னர் இவர் இந்தியாவின் இராசப்பிரதிநிதியாகி, 1863இல் அங்கேயே இறந்தார். தந்தைக்குக் கிட்டாத பிரித்தானியப் பிரபுப் பட்டம் 1849இல் மகனுக்குக் கிட்டியிருந்தது.

விடுதலை பெற்ற கிரேக்கர் தங்கள் சிற்பங்களை மறக்கவில்லை. 1982இல் மெக்சிக்கோவில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில், கிரேக்கப் பண்பாட்டு அமைச்சரும் நடிகையுமாகிய மெலினா மெர்கூரி இக்கோரிக்கையை உலகின்முன் வைத்தார். அடுத்த ஆண்டில் முறைப்படியான வேண்டுகோள் பிரித்தானிய அரசுக்கு அனுப்பப்பட்டது. நூதனசாலையின் பொருள்களை அதன் பொறுப்பாளர் கைவிடலாகாது என 1963ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பது பிரித்தானியரின் ஒரு மறுமொழி. இலண்டனில் இருந்தமையாலேயே அவை அதென்ஸ் நகரத்து நச்சுக்காற்றுக்குத் தப்பின என்பது இன்னொன்று. இதிற் சிறிது உண்மை உண்டு. கோயிலின் மேற்குப்புறத்தில் எஞ்சியிருந்த ஊர்வலச் சிற்பம் 1993இலேயே கீழிறக்கப்பட்டது. அதற்குள் அதன் முகங்கள் மிகவும் கரைந்துபோயிருந்தன. ஆனால் 1937, 1938ஆம் ஆண்டுகளில், வெண்மையாகத் தோன்றவேண்டும் என்பதற்காக, இலண்டனிலும் பல சிற்பங்களின் மேற்றோல் செப்புக் கருவிகளால் சுரண்டப்பட்டது. காப்பாளர் என்ற உரிமையை இரு பக்கத்தாரும் அடக்கத்தோடு பேசுவதே தகும்.

கிரேக்கர் உலகிலுள்ள கிரேக்கச் சிலைகள் அனைத்தையும் கேட்கவில்லை. ஒரே கட்டடத்தின் உறுப்புகள் ஓரிடத்திற் சேரவேண்டும் என்கின்றனர். எஞ்சிய சிற்பங்களில் ஏறத்தாழ அரைவாசி இலண்டனில் உள்ளது. ஊர்வலத்தில் 75 மீற்றரும், சதுரப் பலகைகளில் 15உம், முகப்புச் சிலைகளில் 17உம் அங்கேயிருக்கின்றன. மேற்கு முகப்பில் நின்ற கடற்கடவுள் பொசைடனின் உடல் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி அதென்ஸிலும் ஒரு பகுதி இலண்டனிலும் கிடக்கிறது. எல்ஜின் எத்துணை நல்லெண்ணம் கொண்டிருந்தார், எத்துணை துன்பப்பட்டார் என்ற கேள்விகளுக்கு எவ்வாறு விடையளித்தாலும், அந்த உடல் ஒன்றுசேர அவ்விடை உதவாது என்பது என் எண்ணம். அவருடைய சிறைவாசமும் மனைவியின் பிரிவும் கடனும் இரக்கத்துக்குரியவை. உரிமைப் பத்திரங்கள் ஆகா.

சிறிய துண்டுகள் திரும்பத் தொடங்கிவிட்டன. ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகம் 2006இலும், பலெர்மோ நூதனசாலை 2022இலும் ஒவ்வொரு துண்டையும், வத்திக்கான் 2023இல் மூன்று துண்டுகளையும் அதென்ஸுக்குக் கொடுத்தன. அவ்வாண்டு நவம்பரில், இவ்விவகாரத்தைப் பொதுவிற் பேசினார் என்பதற்காகப் பிரித்தானியப் பிரதமர் சுனாக், இலண்டன் வந்திருந்த கிரேக்கப் பிரதமரைச் சந்திக்கவிருந்ததைக் கடைசி நேரத்திற் கைவிட்டார். 2024இல் யுனெஸ்கோ குழுவொன்றிற் பேசிய துருக்கியின் பிரதிநிதி, எல்ஜினின் செயலைச் சட்டமாக்கும் ஆணைப்பத்திரம் எதனையும் தம் நாடு அறியாது என்றார்.

அக்ரொபொலிஸ் குன்றின் அடிவாரத்தில் 2009ஆம் ஆண்டிற் புதிய நூதனசாலையொன்று திறக்கப்பட்டது. அதன் மேல்மாடம், கண்ணாடிச் சுவரினூடாகக் கோயிலைக் காணும்படி, கோயிலின் அளவிலும் திசையிலுமே அமைக்கப்பட்டிருக்கிறது. கிரேக்கரிடம் எஞ்சியுள்ள பலகைகள் அங்கே தேன்நிறத்தில் வரிசையாய் நிற்கின்றன. இலண்டனிலுள்ள பலகைகளுக்குரிய இடங்களிலே, புறூம்ஹோல் மாளிகைக்கு எல்ஜின் பிரபு முதலில் வேண்டியிருந்தவை போன்ற வெண்ணிறச் சாந்து வார்ப்புகள் பொருத்தப்பட்டுள்ளன.